நூற்று இருபது பந்துகளின் கணக்கு

என் பெரிய மாமாவிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியின் ஸ்கோரை அதில் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு பேரை வீழ்த்த, ஒரு முனையில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் அசையாமல் நின்று ஆட்டமிழக்காமல் 97 ரன் எடுத்தார். அணியின் மொத்த ரன் 190. யார் யாரை வீழ்த்தினார், யார் கேட்ச் பிடித்தார், எந்த ஸ்கோரில் விக்கெட் விழுந்தது, எல்லாம் அந்த நோட்டில் உண்டு. விஸ்வநாத் அந்த 97 ரன்னுக்கு எத்தனை பந்துகளைச் சந்தித்தார் என்பது மட்டும் இல்லை. அதை எழுதவேண்டும் என்று மாமாவுக்கு அன்று தோன்றவே இல்லை.

அந்த மாமாதான் ஒரு ஐபிஎல் ஆட்டத்துக்கு மறுநாள் என்னிடம் கேட்டார்: "நாற்பது பந்தில் நாற்பது ரன் அடித்திருக்கிறான். கடைசிவரை அவுட்டாகவில்லை. அந்தப் பையனைப் போய் ஏனப்பா எல்லோரும் திட்டுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புறப்பட்டால் புள்ளிவிவரம், ஏலம், ஒளிபரப்பு உரிமை, ஆட்டக்காரர்களின் சம்பளம் என்று எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: தட்டுப்பாடு. ஐப்பசி மழையில் யாரும் எண்ணிப் பார்க்காத தண்ணீர்க் குடத்தைச் சித்திரை வெயிலில் லாரி வந்து நிற்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். எது குறைவோ அதைத்தான் மனிதர்கள் எண்ணுவார்கள். அதற்குத்தான் விலையும் வரும்.

டெஸ்ட் போட்டியில் எது குறைவு? ஐந்து நாள், நாளுக்கு 90 ஓவர் என்று வைத்தால் 2,700 பந்துகள். இரு அணிகளுக்கும் சேர்த்து 40 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு 67 பந்துகளுக்கு மேல் இருக்கின்றன. பந்து ஏராளம், விக்கெட்தான் அரிது. அதனால் அவுட்டாகாமல் நிற்பவர் அங்கே செல்வந்தர். ஒருநாள் போட்டியில் ஓர் அணிக்கு 300 பந்துகள், 10 விக்கெட்டுகள். விக்கெட்டுக்கு 30 பந்துகள். இருபது ஓவர் ஆட்டத்தில் 120 பந்துகளுக்கும் அதே 10 விக்கெட்டுகள்தான். விக்கெட்டுக்கு வெறும் 12 பந்துகள்! இங்கே பந்துதான் அரிது. பெரும்பாலான இன்னிங்ஸ்கள் கையில் விக்கெட் மிச்சமிருக்கும்போதே முடிந்துவிடுகின்றன. செலவழிக்காமல் மிச்சம்பிடித்த விக்கெட்டுக்கு ஆட்டம் முடிந்த பிறகு எந்த மதிப்பும் இல்லை.

மாமாவின் கேள்விக்கு இப்போது வருவோம். இலக்கு 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்துக்கு ஒன்றரை ரன் வேண்டும். ஒருவர் 40 பந்தில் 40 எடுத்தால் அணியின் பந்துகளில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டு, ரன்னில் நான்கில் ஒரு பங்குகூடத் தரவில்லை. மீதியுள்ள 80 பந்துகளில் மற்றவர்கள் 140 எடுக்கவேண்டும், பந்துக்கு 1.75. அவருடைய பாரத்தை அவர்கள் சுமக்கிறார்கள். இன்னொருவர் வந்து 8 பந்தில் 18 அடித்துவிட்டு அவுட்டாகிறார். பழைய கண்ணுக்கு அது தோல்வி. ஆனால் அவர் போகும்போது 112 பந்துகளில் 162 என்ற நிலையை விட்டுச் செல்கிறார், பந்துக்கு 1.45-க்கும் குறைவு. வந்தபோது இருந்ததைவிட வேலையை இலகுவாக்கிவிட்டுப் போயிருக்கிறார். 100 பந்துக்கு எத்தனை ரன் என்று சொல்லும் ஸ்டிரைக் ரேட் ஒருமுறை அவுட்டாவதற்குள் எத்தனை ரன் என்று சொல்லும் சராசரியைவிட இன்று உரக்கப் பேசப்படுவதன் காரணம் இதுதான்.

பந்து, விக்கெட் இரண்டையும் சேர்த்து ஒரே கையிருப்பாகப் பார்க்கவேண்டும் என்பதை முதலில் தெளிவாகச் சொன்னது மழைக்கான ஒரு கணக்கு. 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ரன் தேவைப்பட்டது. மழை வந்தது. ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது மிச்சம் ஒரே ஒரு பந்து. தேவையோ ஒரு ரன் மட்டும் குறைந்து 21. மைதானத்துத் திரை 22 என்றே காட்டியது. அன்றைய விதி இழந்த ஓவர்களை மட்டும் எண்ணியது, அதுவும் முதலில் ஆடிய அணியின் மிகக் குறைந்த ரன் வந்த ஓவர்களைக் கழித்து. தோற்றவர்கள் மட்டுமல்ல, பார்த்தவர்களும் வெட்கப்பட்ட முடிவு அது.

ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். ஓர் அணியின் கையில் இருப்பது மிச்சமுள்ள ஓவர்களும் மிச்சமுள்ள விக்கெட்டுகளும். இரண்டும் முழுதாக இருந்தால் அது நூறு சதவீதம். ஒவ்வொன்றும் குறையக் குறைய அந்தச் சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்று பழைய ஆட்டங்களை வைத்து அட்டவணை போட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த எண் 56.6. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் கடைசி 20 ஓவர் மிச்சமிருக்கிறது, பத்து விக்கெட்டும் கையில் இருக்கிறது என்றால் அணியிடம் 56.6 சதவீதம் மிச்சம். ஓவர் கணக்கில் அது 40 சதவீதம்தான். கையில் விக்கெட் இருப்பதால் துணிந்து அடிக்கலாம் என்பதன் மதிப்பு அந்தக் கூடுதல் 16.6. 1997 ஜனவரி 1 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வே - இங்கிலாந்து ஆட்டத்தில் முதன்முதலாக இம்முறை பயன்பட்டது. பின்னர் ஸ்டீவன் ஸ்டெர்ன் இதைப் புதுப்பித்தார். அதனால்தான் இன்று திரையில் மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து டிஎல்எஸ் என்று வருகிறது. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி முறையும் இதே கேள்விக்கு இன்னொரு விடை. நம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல் ஆட்டங்களில் மழை வந்தால் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

அடுத்து பந்துவீச்சு. இங்கே ஒரே ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம்: 2024 ஜூன் 29, பார்படாஸின் பிரிட்ஜ்டவுன், இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி. இந்தியா 176. பதினைந்தாவது ஓவரில் அக்சர் படேல் 24 ரன் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி 30 பந்துகளில் 30 ரன் போதும், கையில் ஆறு விக்கெட். அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம் என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

பதினாறாவது ஓவர் பும்ரா: 4 ரன். பதினேழாவது ஹர்திக் பாண்டியா: கிளாசன் அவுட், 4 ரன். பதினெட்டாவது மறுபடியும் பும்ரா: யான்சன் போல்டு, 2 ரன். பத்தொன்பதாவது அர்ஷ்தீப்: 4 ரன். கடைசி ஓவரில் 16 வேண்டும் என்ற நிலையில்தான் எல்லைக்கோட்டருகே சூர்யகுமார் யாதவ் அந்தக் கேட்ச்சைப் பிடித்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது.

ஊரே அந்தக் கேட்ச்சைப் பேசியது, பேசவேண்டியதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பும்ரா 4 ஓவரில் 18 ரன் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவின் மொத்தம் 169. வைடு, நோபால் போன்ற உதிரி ரன்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டால், மற்றவர்கள் வீசிய 16 ஓவரில் 151 ரன், ஓவருக்கு 9.4. பும்ராவின் நான்கு ஓவர்களும் அதே வேகத்தில் போயிருந்தால் ஏறத்தாழ 38 ரன் வந்திருக்கும். அவர் தடுத்தது 20 ரன். வெற்றி வித்தியாசம் 7. "சராசரி ஆளை அந்த இடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்ற இந்த ஒரு கேள்விதான் நவீன கிரிக்கெட் புள்ளிவிவரத்தின் இதயம். மென்பொருள்கள் இதை ஆடுகளம், எதிரணி, எந்த ஓவர் என்றெல்லாம் திருத்தி நுணுக்கமாகச் செய்கின்றன. அடிப்படை மாறவில்லை, பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் வீட்டிலேயே போட்டுவிடலாம். பும்ராவின் பதினெட்டு ரன்னில் விக்கெட் இரண்டுதான். விக்கெட்டை மட்டும் எண்ணும் மாமாவின் நோட்டில் இந்த மகத்தான பந்துவீச்சு சாதாரணமாகத்தான் தெரியும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதே ஆட்டம் எதிர்ப்பாடத்தையும் தருகிறது. விராட் கோலி 59 பந்தில் 76 எடுத்தார். ஐம்பதைத் தொட அவருக்கு 48 பந்துகள் ஆயின. அடுத்த 11 பந்தில் 26. நான் மேலே சொன்ன கணக்கை அப்படியே பொருத்தினால் அவர் அணியின் பாதிப் பந்துகளை மெதுவாகச் செலவழித்தார் என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் இந்தியா ஐந்து ஓவர் முடிவதற்குள் 34-க்கு மூன்று விக்கெட்டை இழந்திருந்தது. அந்தக் கணத்தில் திடீரென்று விக்கெட்தான் அரிதாகிவிட்டது! ஒருவர் நிலையாக நின்றதால்தான் மறுமுனையில் அக்சர் 31 பந்தில் 47 அடிக்க முடிந்தது. எது தட்டுப்பாடு என்பது ஆட்டத்துக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சூழலை விடுகிறவர்கள், சூழலை மட்டும் பார்த்துவிட்டு எண்ணை விடுகிறவர்களைப் போலவே தவறுகிறார்கள்.

இந்த விவரங்கள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீசினார், யார் ஆடினார், எந்த நீளத்தில் விழுந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, எந்த ஷாட், பந்து எங்கே போனது. பந்தின் பாதையைக் கேமராக்கள் பின்தொடர்கின்றன. மற்றதை மனிதர்கள் உட்கார்ந்து பதிகிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு இருநூற்று நாற்பது வரிகள், ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கில். அதை வைத்து, இடக்கை பேட்ஸ்மேன் வந்ததும் வெளியே திருப்பும் ஆஃப் ஸ்பின்னரைக் கொண்டுவா, இன்னார் வந்தால் உடம்பை நோக்கி எழும் பந்தை வீசு என்று திட்டம் போடுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த பிரசன்னா அகோரம் இப்படித்தான் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்க அணியின் ஆய்வாளராக இருந்தார்.

புதிதாக இதைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. திரையில் "இந்தப் பந்துவீச்சாளரிடம் இவர் 11 பந்துகளில் மூன்று முறை அவுட்" என்று வரும். உடனே நம்பிவிடுவோம். பதினொரு பந்து என்பது இரண்டு ஓவர்கூட இல்லை. நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டி ஏழு தடவை தலை விழுந்தால் நாணயத்தைச் சந்தேகிப்பீர்களா? எண் எவ்வளவு பந்துகளிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

இனி பணம். 1990-களின் தொடக்கத்தில் ஆட்டத்தைக் காட்டுவதற்கு இந்தியக் கிரிக்கெட் வாரியமே தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1993-இல் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றதில் வழக்கு வந்தது. வானலை பொதுச் சொத்து, அரசு மட்டுமே அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிக்கெட்டின் பொருளாதாரம் திரும்பிய இடம் 1983 உலகக் கோப்பை என்று பலர் சொல்வார்கள். ரசிகர்களைத் தந்தது அது; காசைத் தந்தது இந்தத் தீர்ப்பு என்பது என் கட்சி.

2022 ஜூனில் நடந்த ஏலத்தில் ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டங்கள் என்ற கணக்கில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி. முழு ஆட்டத்தின் 240 பந்துகளால் வகுத்தால் ஒரு பந்து 49 லட்சம் ரூபாய். விக்கெட் கீப்பரின் கைக்கு வீணாகப் போகும் பந்துக்கும் அதே விலைதான்.

யார் இவ்வளவு கொடுக்கிறார்கள், ஏன்? கிரிக்கெட் ஓவர் ஓவராக நிற்கும் விளையாட்டு. ஓவர் முடிந்தால் விளம்பரம், விக்கெட் விழுந்தால் விளம்பரம், நடுவே இரண்டரை நிமிட இடைவேளைகள் வேறு. நாற்பத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடும் கால்பந்துக்கு இந்த வசதி இல்லை. சினிமாவையும் தொடரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தை நடக்கும்போதுதான் பார்க்கவேண்டும். கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே திரையை நோக்கும் மூன்றரை மணி நேரம் என்பதே இன்று தட்டுப்பாடான பொருள்.

அந்தப் பணம் ஆட்டக்காரரிடம் வந்து சேரும் வாசல், ஏலம். அதைப் புரிந்துகொள்ள இரண்டு விதிகள் போதும். முதலாவது, எல்லா அணிக்கும் ஒரே பணப்பை. 2008-இல் அது 50 லட்சம் டாலர். சென்னை அதில் 15 லட்சத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, தோனி என்ற ஒருவருக்கே கொடுத்தது. ஜெட்டாவில் 2024 நவம்பரில் நடந்த பெரிய ஏலத்தில் பணப்பை 120 கோடி ரூபாய். பணக்கார உரிமையாளர் கூடுதலாகச் செலவழிக்க முடியாது. புத்திசாலித்தனமாகத்தான் செலவழிக்க முடியும். இரண்டாவது, ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான். மீதி ஏழு இடங்களுக்கு இந்தியர் வேண்டும். பத்து அணிகளுக்கு எழுபது இடங்கள்! தரமான இந்திய பேட்ஸ்மேனும் வேகப்பந்து வீச்சாளரும் எண்ணி எடுக்கக்கூடிய அளவுதான் இருக்கிறார்கள். ஜெட்டாவில் ரிஷப் பந்த் 27 கோடி, ஷ்ரேயாஸ் ஐயர் 26.75 கோடி, வெங்கடேஷ் ஐயர் 23.75 கோடி என்று முதல் மூவரும் இந்தியர்கள். வெளிநாட்டவரில் அதிக விலைக்குப் போன ஜாஸ் பட்லர் 15.75 கோடி. பட்லர் யாருக்கும் குறைந்த ஆட்டக்காரர் அல்லர். அவர் நிற்கும் வரிசையில் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்.

ஏலத்தொகை திறமைக்கான மதிப்பெண் அல்ல என்பதை இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எந்த நேரத்தில் பெயர் வருகிறது, அப்போது யார் பையில் எவ்வளவு மிச்சம், அதே வேலைக்குப் பட்டியலில் இன்னும் எத்தனை பேர் என்பதெல்லாம் சேர்ந்த தொகை அது. 27 கோடிக்கு வாங்கப்பட்டவர் ரன் எடுக்காதபோது அவரை ஏதோ திருடிவிட்டதைப் போல ஏசுவது சரியில்லை. விலையை அவர் நிர்ணயிக்கவில்லை.

அணிகள் உண்மையான லாபம் பார்ப்பது, மற்றவர்கள் எண்ணாததை எண்ணும்போது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டிஎன்பிஎல்லில் கடைசி ஓவர்களில், பேட்ஸ்மேனின் காலடியில் விழும் பந்தான யார்க்கரை, யார்க்கர் யார்க்கராக வீசினார். 2017 ஏலத்தில் அவருக்கு அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் மிக விலையுயர்ந்த பந்துகள் கடைசி நான்கு ஓவர்களில் வருபவை. அங்கே ஒரு பவுண்டரியைத் தடுக்கத் தெரிந்தவருக்குப் பெரிய பள்ளியோ பெரிய நகரமோ தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே கட்டடக்கலை படித்த வருண் சக்ரவர்த்தி 20 லட்சத்திலிருந்து 8.4 கோடிக்குப் போனார். அவருக்கும் டிஎன்பிஎல்தான் வாசல். புள்ளிவிவரத்தை நான் நேசிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். சிபாரிசு இல்லாத பையனுக்காக அது பேசுகிறது.

பங்கீட்டில் மட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. 2025-இல் சம்பளம், ஆட்டக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஓர் அணிக்கான உச்சவரம்பு 146 கோடி; பத்து அணிகளுக்கு 1,460 கோடி. அந்தப் பருவத்தின் 74 ஆட்டங்களை 118 கோடியால் பெருக்கினால் ஒளிபரப்பிலிருந்து மட்டும் 8,700 கோடிக்கு மேல். ஆட்டக்காரர்களுக்குப் போவது ஆறில் ஒரு பங்குதான். அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏவில் வருவாயில் பாதிக்கு அருகில் ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தமே இருக்கிறது. இங்கே மிச்சம் வாரியத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் போகிறது. வாரியத்தின் பங்கு மாநிலச் சங்கங்களையும் உள்ளூர்ப் போட்டிகளையும் தாங்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, வரவுக்கு உத்தரவாதம் உண்டு, கடைசி இடத்துக்கு வந்தாலும் தொடரிலிருந்து இறக்கப்படும் அபாயம் இல்லை. 2021-இல் லக்னோ அணிக்கு 7,090 கோடி கொடுக்க ஒருவர் முன்வந்ததன் ரகசியம் அதுதான். 2025 பருவத்தில் 30 லட்சத்துக்கு வாங்கப்பட்டு, காயம்பட்டால் அடுத்த ஆண்டு யாரும் கேட்காத இளைஞனை நினைக்கும்போது ஆறில் ஒன்று மிகக் குறைவாகத் தோன்றுகிறது.

நாடுகளுக்கிடையிலும் இதே கதை. 2024 முதல் 2027 வரை, உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசி பங்கிடும் தொகையில் இந்திய வாரியத்துக்கு 38.5 சதவீதம். இங்கிலாந்துக்கு 6.89, இலங்கைக்கு 4.52, மேற்கிந்தியத் தீவுகளுக்கு 4.58. அதிகம் ஈட்டித் தருவது இந்தியச் சந்தை என்பது உண்மை. எதிரணி இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதும் உண்மை. சேப்பாக்கத்தில் ராபர்ட்ஸ் வந்து அப்படி வீசாமல் இருந்திருந்தால் விஸ்வநாத்தின் 97 ஏது?

சென்ற மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது பும்ராவின் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, ரன் என்ற பத்திக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு போட்டு, மேலே "பந்து" என்று எழுதினார். பழைய பக்கத்துக்குத் திரும்பி 97-க்குப் பக்கத்திலும் எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்தார். "இதற்கு வேண்டாம்" என்று மூடி வைத்தார்.